கொசு இல்லாத இடத்தில் கடிபட்ட கை

பௌர்ணமி இரவில் கிரிவலம் வரும் கூட்டம் அடி அண்ணாமலையை எட்டும்போது 14 கிலோமீட்டர் பாதையில் ஏறக்குறைய பாதி முடிந்திருக்கும். ராஜகோபுரத்தில் புறப்பட்டபோது இருந்த வேகம் தணிந்து, வெறுங்காலில் ஒவ்வொரு கல்லும் உறைக்கத் தொடங்கும் இடம் இது. ஆனால் எல்லோருக்கும் உறைப்பதில்லை. உதட்டில் நாமத்தை வைத்துக்கொண்டு ஒருவர் போகிறார். கல் குத்தியதும் தெரியவில்லை, மகன் கூப்பிட்டதும் காதில் விழவில்லை. அவருக்குப் பக்கத்திலேயே நடக்கும் தம்பியோ கடைக்குக் கடை நின்று ‘இன்னும் எத்தனை கிலோமீட்டர்?’ என்று விசாரிக்கிறார். பக்தியில் தம்பி ஒன்றும் குறைந்தவர் இல்லை. மனம் ஒன்றில் முங்கும் விதம்தான் இருவருக்கும் வேறு.

இந்த வித்தியாசத்தை எண்ணாக எழுத முடியுமா? முடியும். அதற்கு உதவிய கருவி, மந்திரவாதிகளின் சாமானாகவே நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கும் ஹிப்னாடிசம்.

1959இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எர்னஸ்ட் ஹில்கார்டு, ஆந்த்ரே வைட்சன்ஹோஃபர் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு தேர்வை வடிவமைத்தார்கள். 1962இல் அதன் கடினமான பதிப்பு வந்தது. மொத்தம் 12 பகுதிகள். ஒவ்வொன்றிலும் ஒரு கருத்தேற்றம் இருக்கும். அதாவது, நடப்பதாக ஒன்றைச் சொல்லி அதை மனத்தில் ஊன்றச் செய்வது. முதலில் சோதனையாளர் எழுதிவைத்த வாசகத்தை நிதானமாகப் படித்து, எதிரே அமர்ந்திருப்பவரைத் தளரச் செய்து, கண்ணை மூட வைக்கிறார். கண்ணுக்கு முன் ஆடும் கடிகாரம் இல்லை, ஊடுருவும் பார்வை இல்லை. பிறகு ஒவ்வொரு கருத்தேற்றமாகச் சொல்லி, அது பலித்ததா இல்லையா என்று குறித்துக்கொள்கிறார். 12க்கு எத்தனை என்பதுதான் அந்த மனிதரின் வசப்படுதிறன்.

அடி அண்ணாமலையைக் கடக்கும் கூட்டத்திலிருந்து 100 பெரியவர்களை ஒரு மண்டபத்தில் உட்காரவைத்து இந்தத் தேர்வை நடத்துவதாகக் கற்பனை செய்வோம். ஸ்டான்ஃபோர்டில் கிடைத்த விகிதங்களே இங்கும் கிடைப்பதாக வைத்துக்கொள்ளலாம். ‘நீட்டிய கை கனக்கிறது, இறங்குகிறது’ என்றதும் 90 பேருக்குக் கை தானாக இறங்கும். அவர்கள் இறக்கவில்லை, அது இறங்கியது என்றுதான் பின்னால் சொல்வார்கள். ‘ஒரு கொசு காதருகே ரீங்கரிக்கிறது, கையில் உட்காருகிறது’ என்றால் ஏறக்குறைய 50 பேர் முகம் சுளிப்பார்கள், கையை உதறுவார்கள். அந்த அறையில் கொசுவே கிடையாது. மூக்கருகே அம்மோனியாப் புட்டியைத் திறந்து ‘உங்களுக்கு வாசனையே தெரியாது’ என்றால் 20 பேருக்கு அந்தக் கண்ணெரியும் நெடி தெரியாமலே போகும். பின்னர் ஒரு மேசையில் மூன்று சிறு பெட்டிகளை வைத்து ‘இரண்டுதான் இருக்கின்றன’ என்பார்கள். கண்ணைத் திறந்து பார்த்து இரண்டு என்று சொல்கிறவர்கள் 10 பேருக்கும் குறைவு. மூன்றாவது பெட்டி அவர்கள் கண்முன்னேதான் இருக்கிறது.

கூட்டிப் பார்த்தால் 100 பேரில் 10 முதல் 15 பேர் மிக எளிதில் வசப்படுகிறவர்கள். அதே அளவு பேர் எதற்கும் அசையாதவர்கள். மீதிப் பேர் நடுவில். மனித உயரம் எப்படிப் பரவிக் கிடக்கிறதோ அதைப் போன்ற பரவல். உலகின் பல நாடுகளில், பல மொழிகளில் இந்தத் தேர்வுகளை மொழிபெயர்த்து நடத்தியபோதும் ஏறத்தாழ இதே வடிவம்தான் வந்தது.

இதில் உறக்கம் எங்கும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மாணிக்கவாசகர் திருவெம்பாவையை இயற்றியது அடி அண்ணாமலையில்தான் என்பது மரபு. கிரிவலப் பாதையில் அவருக்குக் கோயிலும் இருக்கிறது. உறங்கும் தோழியைப் பெண்கள் எழுப்பும் பாடல்கள் அவை. ஹிப்னாடிசத்தில் இருப்பவரை அப்படி எழுப்ப வேண்டிய தேவையே இல்லை. அவருடைய மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தால் விழித்திருப்பவரின் அலைகள்தான் வருகின்றன. கேட்கிறார், பதில் சொல்கிறார், வேண்டாம் என்றால் எழுந்து போகவும் முடியும்.

அப்படியானால் நடிக்கிறார்களோ? இந்தச் சந்தேகம் ஆய்வாளர்களுக்கும் இருந்தது. மார்ட்டின் ஓர்ன் என்ற உளவியலாளர் அதைத் தீர்க்க அழகான வழி ஒன்று கண்டார். எதற்கும் வசப்படாத சிலரை அழைத்து, ‘வசப்பட்டவர்போல் நடியுங்கள், சோதனையாளரை ஏமாற்றுங்கள்’ என்று சொல்லி, உண்மையில் வசப்பட்டவர்களோடு கலந்துவிட்டார். யார் எந்த வகை என்று சோதனையாளருக்குத் தெரியாது. நடிகர்கள் அற்புதமாக நடித்தார்கள், அனுபவசாலிகளே ஏமாந்தார்கள். பிறகு ஃபிரெட்ரிக் எவான்ஸும் ஓர்னும் 1971இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பொறி வைத்தார்கள். சோதனை நடுவில் கரண்ட் போனதுபோல் ஏற்பாடு செய்து, சோதனையாளர் என்னவென்று பார்க்க வெளியே போய்விட்டார். அறையில் யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் நடிகர்கள் உடனே நடிப்பை விட்டுவிட்டார்கள். உண்மையாக வசப்பட்டவர்கள் மட்டும், பார்க்க ஆளில்லாத அந்த அறையிலும், மெல்ல மெல்லத்தான் அந்த நிலையிலிருந்து கலைந்து வந்தார்கள்.

இந்த ஆற்றல் வசப்படுத்துபவரிடம் இல்லை, வசப்படுகிறவரிடம்தான் இருக்கிறது என்று துணிந்து சொன்ன முதல் மனிதர்களில் ஒருவர் இந்தியர் என்பது எனக்கு எப்போதும் பெருமிதம் தரும் செய்தி. கோவாவின் காண்டோலிமில் 1756இல் பிறந்தவர் ஜோசே குஸ்டோடியோ டி ஃபாரியா. லிஸ்பனுக்குப் போய், ரோமில் பாதிரியாராகி, பாரீசில் குடியேறியவர். போர்ச்சுகல் அரசிக்கு முன் பிரசங்கம் செய்ய மேடை ஏறியவருக்கு நா எழவில்லையாம். கீழே இருந்த தந்தை கொங்கணியில், ‘எல்லாம் வெறும் காய்கறிதான், நறுக்கித் தள்ளு’ என்று முணுமுணுத்தாராம். அடுத்த நொடி பேச்சு அருவியாகக் கொட்டியது என்று கோவாவில் இன்றும் சொல்வார்கள். ஒரு சொல் உடம்பை இப்படி மாற்றுமா என்ற கேள்வி அன்றே அவரைப் பிடித்துக்கொண்டது என்பது கதை.

1813இல் அவர் பாரீசில் நடத்திய காட்சிகளில் இருந்தது எளிமை. நாற்காலியில் உட்காரச் சொல்வார், மனத்தை ஒருமுகப்படுத்தச் சொல்வார், ‘உறங்கு’ என்று ஆணையிடுவார். அவருக்கு முன் ஃபிரான்ஸ் மெஸ்மர் என்ற மருத்துவர், தன் கையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத காந்தப் பாய்மம் நோயாளிக்குள் பாய்கிறது என்று ஊரையே நம்பவைத்திருந்தார். ஃபாரியா அதை மறுத்தார். என்னிடமிருந்து எதுவும் பாயவில்லை, உங்கள் கற்பனையும் எதிர்பார்ப்புமே வேலை செய்கின்றன என்றார். சிலர் வசப்படுவதும் சிலர் வசப்படாததும் ஏன் என்றும் கேட்டுப் பார்த்தார். ரத்தம் நீர்த்திருப்பவர்களே எளிதில் வசப்படுகிறார்கள் என்பது அவர் கண்ட விடை. விடை தவறு. கேள்விதான் பொன்னானது, அடுத்து வந்தவர்கள் 200 ஆண்டுகளாக அதே கேள்வியின் மேல்தான் நிற்கிறார்கள். பனாஜியில் பழைய தலைமைச் செயலகத்துக்குப் பக்கத்தில் அவருடைய வெண்கலச் சிலை இருக்கிறது. கோவா போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும்.

ஃபாரியா இறந்து கால் நூற்றாண்டுக்குப் பின், இதே கேள்வி வங்காளத்தில் ரத்தமும் சதையுமாக எழுந்தது. ஹூக்ளியில் வேலை பார்த்த ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஜேம்ஸ் எஸ்டெயில், 1845 ஏப்ரலில், வலியில் துடித்த சிறைக்கைதி ஒருவரிடம் மெஸ்மர் முறையை முயன்று பார்த்தார். அதுவரை அவர் அதைப் பற்றிப் படித்திருந்தாரே தவிர நேரில் பார்த்ததில்லை. குளோரோஃபார்ம் இன்னும் வராத காலம். அறுவை என்றால் நாலு பேர் நோயாளியைப் பிடித்துக்கொள்வார்கள், அவர் அலறுவார். எஸ்டெயிலின் முறையில், இருட்டறையில் படுக்கவைத்த நோயாளியின் உடல்மீது இந்திய உதவியாளர்கள் மணிக்கணக்கில் கையால் தடவுவதுபோல் அசைத்துக்கொண்டே இருப்பார்கள். பிறகு கத்தி. எட்டே மாதங்களில் 70க்கும் மேற்பட்ட அறுவைகளை வலியில்லாமல் செய்ததாக அவர் எழுதினார். பல கிலோ எடையுள்ள யானைக்கால் நோய்க் கட்டிகளும் அவற்றில் அடக்கம். 1846இல் அரசு குழு அமைத்து நேரில் பார்த்தது. அந்த ஆண்டே கல்கத்தாவில் இதற்கென ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது.

எல்லோரும் வசப்படவில்லை. சிலரிடம் நாள்கணக்கில் முயன்றும் ஒன்றும் நடக்கவில்லை. வசப்பட்டவர்களைப் பற்றி எஸ்டெயில் வைத்திருந்த கருத்து வருத்தமானது: சத்துக்குறைந்த, நரம்பு வலுவற்ற மக்கள் என்பதால் வங்காளிகளிடம் இது பலிக்கிறது என்று எண்ணினார். நூறாண்டு கழித்து, நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த கலிஃபோர்னியா மாணவர்களிடம் ஹில்கார்டு அதே அளவுக்கு வசப்படுகிறவர்களைக் கண்டபோது அந்தக் கணக்குக் காலியானது. பாரீசின் புகழ்பெற்ற நரம்பியலாளர் ஷார்கோவும் 1880களில் இதே பள்ளத்தில் விழுந்தார். ஹிஸ்டீரியா நோயாளிகளே வசப்படுவார்கள் என்றார். வசப்படுவது பலவீனம் என்ற எண்ணம் அந்தந்தக் காலத்தின் சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்துகொண்டே இருந்தது.

நம் பக்கத்திலும் ஹிப்னாடிசத்துக்கு ஒரு பிரபல முகம் உண்டு. கேரளத்தில் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், பேய் பிடித்ததாக அழைத்துவரப்பட்டவர்களிடம் அதைப் பயன்படுத்தினார். அவர் எழுதிய குறிப்பு ஒன்று மலையாளத்தில் ‘புனர்ஜன்மம்’, தமிழில் ‘மறுபிறவி’ என்று 1970களின் தொடக்கத்தில் படமானது. ஆனால் பொதுவாகத் திரையில் நாம் பார்ப்பது வசப்படுத்துபவரின் முகத்தைத்தான். கேமரா திரும்ப வேண்டியது எதிர் நாற்காலிப் பக்கம்.

அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தால் பலிக்கும்? நமக்கு ஒரு படம் தயாராக இருக்கும்: கூச்ச சுபாவம், சொன்னதை நம்புகிற வெள்ளந்தி, கட்டளைக்குப் பணிகிற பயந்தவர். உளவியலாளர்களிடமும் அதே படம்தான் இருந்தது. ஆகவே ஆளுமைத் தேர்வுகளையும் வசப்படுதிறன் தேர்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பல பத்தாண்டுகள் பார்த்தார்கள். கலகலப்பானவரா, ஒதுங்கிப் போகிறவரா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. பதற்றக்காரரா, நிதானக்காரரா என்பதற்கும் இல்லை. எளிதில் ஏமாறும் குணத்துக்கும் இல்லை. ஆண், பெண் வித்தியாசமும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஊரே பயப்படும் வைராக்கியக்காரர் 12க்கு 11 வாங்கலாம். எதற்கும் தலையாட்டுகிறவர் பூஜ்யம் வாங்கலாம். நியூயார்க்கின் ஹெர்பர்ட் ஸ்பீகல் என்ற மனநல மருத்துவர் மனிதர்களை மூன்று வகையாகப் பிரித்து, அறிவால் நடப்பவர், உணர்ச்சியால் நடப்பவர், இரண்டுக்கும் நடுவில் ஊசலாடுபவர் என்று கிரேக்கப் பெயர்கள் சூட்டினார். கண்ணை மேலே உருட்டிக்கொண்டே இமையை மூடச் சொல்லி, வெள்ளை விழி எவ்வளவு தெரிகிறது என்பதைக்கொண்டே வசப்படுதிறனைச் சொல்லிவிடலாம் என்றும் கூறினார். கேட்க ஆசையாக இருக்கிறது. மற்றவர்கள் ஸ்டான்ஃபோர்டு தேர்வோடு ஒப்பிட்டபோது இரண்டும் சரிவரப் பொருந்தவில்லை.

திருப்பம் கொண்டுவந்தவர் ஹில்கார்டின் மனைவி ஜோசஃபின். அவரும் மனநல மருத்துவர். படிவங்களை ஓரம் வைத்துவிட்டு மாணவர்களிடம் மணிக்கணக்கில் பேசினார். நாவல் படித்தால் என்ன ஆகும்? நாடகம் பார்த்தால்? மலையைப் பார்த்துக்கொண்டு நின்றால்? கோயிலில் பிரார்த்தித்தால்? எளிதில் வசப்பட்டவர்களின் பதில்களில் ஒரே இழை ஓடியது. அவர்கள் கதையைப் படிப்பதில்லை, கதைக்குள் போய்விடுகிறார்கள். 1970இல் வெளிவந்த அவருடைய புத்தகம் இதைக் கற்பனையில் ஈடுபாடு என்று பெயரிட்டது. இன்னொரு பாதையையும் அவர் கண்டார். கண்டிப்பும் தண்டனையும் மிகுந்த வீட்டில் வளர்ந்த சிலரும் எளிதில் வசப்பட்டார்கள். அடி விழும்போது மனத்தை வேறெங்கோ கொண்டுபோய் வைத்துக்கொள்ளச் சின்ன வயதிலேயே பழகியவர்கள் அவர்கள் என்று அவர் ஊகித்தார். படிக்கும்போது நெஞ்சைப் பிசையும் பக்கங்கள் அவை.

1974இல் ஆக் டெலிகன், கில்பர்ட் அட்கின்சன் என்ற இருவர் அந்த இழையை 34 வாசகங்களாக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் ‘எனக்குப் பொருந்தும்’, ‘பொருந்தாது’ என்று சொன்னால் போதும். இசை கேட்டால் மற்றதெல்லாம் மறைந்துவிடுமா, சிறுவயது நினைவொன்று இப்போதே நடப்பதுபோல் எழுமா என்கிற ரகம். அவர்கள் அளந்த குணத்தைத் தோய்வு என்று சொல்லலாம்: ஒன்றில் மனம் முழுக்க முங்கி, மற்றதெல்லாம் கழன்றுபோகும் இயல்பு. எத்தனையோ ஆளுமைக் குணங்கள் தோற்ற இடத்தில் இது ஒன்றுதான் வசப்படுதிறனோடு தொடர்ந்து ஒட்டிக்கொண்டு வந்தது.

தோய்வு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் திருவண்ணாமலைக்காரர்கள் வெளியே சான்று தேட வேண்டியதில்லை. 1896 செப்டம்பர் 1 அன்று இந்த ஊருக்கு வந்து சேர்ந்த 16 வயது வெங்கடராமன், பிறகு ரமணர் என்று உலகம் அறிந்தவர், ஆயிரங்கால் மண்டபத்தின் கீழே பாதாள லிங்கத்தருகே போய் உட்கார்ந்தார். பூச்சிகள் தொடையைக் கடித்துக் குதறி, ரத்தமும் சீழும் வடிந்தன. அவருக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் தூக்கி வெளியே கொண்டுவந்தபோதும் அவர் கண் திறக்கவில்லை என்று வரலாறு சொல்கிறது. இதை ஹிப்னாடிசம் என்று அழைப்பது பிழை. அங்கே கருத்தேற்றியவர் யாரும் இல்லை. அவர் கண்டதை அளக்கும் கோல் எந்த ஆய்வகத்திலும் இல்லை. மனம் உள்ளே திரும்பிவிட்டால் உடலின் கூக்குரலும் எட்டாமல் போகும் என்பது மட்டும் அங்கே கண்கூடாகத் தெரிந்தது.

இந்த வட்டாரத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களிலும் அதே சமமின்மையைப் பார்க்கலாம். பாரதக் கூத்தில் துகிலுரியும் கட்டம் வருகிறது. பம்பை எல்லோர் காதிலும்தான் அடிக்கிறது. மருள் வருவது சிலருக்கு மட்டும். யாருக்கு வரும் என்று ஊருக்கு முன்கூட்டியே தெரியும். பிடித்துக்கொள்ள ஆள் பக்கத்திலேயே நிற்பார்கள். அருள் வருவது வேறு, ஆய்வக நாற்காலி வேறு. ஆனால் ஒரே பறையொலிக்குள் உட்கார்ந்திருக்கும் மனங்கள் ஒன்றுபோல் இல்லை என்பதை ஸ்டான்ஃபோர்டுக்கு வெகு முன்பே நம் ஊர்கள் கவனித்து வைத்திருக்கின்றன.

சரி, தோய்வுதான் விடை என்று முடித்துவிடலாமா? முடியாது. இங்கேதான் விஷயம் இன்னும் சுவையாகிறது. இரண்டு குணங்கள் எவ்வளவு சேர்ந்தே நடக்கின்றன என்பதைக் காட்டும் எண்ணுக்கு ஒட்டுறவு எண் என்று பெயர். பூஜ்யம் என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் நிழல்போல் கூடவே. தோய்வுக்கும் வசப்படுதிறனுக்கும் இடையே கிடைத்தது 0.3ஐ ஒட்டியே. மக்களிடையே காணும் வித்தியாசத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைத்தான் தோய்வு விளக்குகிறது என்று அதற்குப் பொருள். 1980களில் ஜேம்ஸ் கவுன்சில், இர்விங் கிர்ஷ் குழுவினர் அந்தச் சிறு பங்கையும் உலுக்கினார்கள். ஹிப்னாடிச ஆய்வு என்று சொல்லாமல், வேறொரு ஆய்வாகத் தோய்வுப் படிவத்தைத் தந்தால், அந்த ஒட்டுறவு மேலும் சுருங்கியது. ‘நான் கதைக்குள் முங்குகிறவன்’ என்று சற்றுமுன் எழுதிக் கொடுத்தவர், ‘அப்படியானால் எனக்கு இது பலிக்கும்’ என்று எதிர்பார்க்கத் தொடங்குகிறார். அந்த எதிர்பார்ப்பே பாதி வேலையைச் செய்கிறது. ஃபாரியா கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

எளிதில் வசப்படுகிறவர்களும் ஒரே ரகம் இல்லை. ஹார்வர்டின் டெய்ட்ரே பாரெட் அவர்களுக்குள்ளேயே இரண்டு கூட்டங்களைக் கண்டார். ஒரு கூட்டம் கற்பனையாளர்கள். சிறுவயதிலிருந்தே கண்ணைத் திறந்துகொண்டே பகற்கனவில் வாழ்பவர்கள். சொன்ன மாத்திரத்தில் ஆழத்துக்குப் போவார்கள். திரும்பி வந்ததும் ஒன்றுவிடாமல் நினைவில் இருக்கும். அது தங்கள் கற்பனை என்பதும் தெரியும். இன்னொரு கூட்டம் கழன்றுபோகிறவர்கள். ஆழத்துக்குப் போக நேரம் எடுக்கும். போனால் முழுசாகப் போவார்கள். திரும்பியதும் நடுவில் நடந்தது பல நேரம் நினைவிருக்காது. பகற்கனவு பற்றிக் கேட்டால் ‘எங்கேயோ போய்விட்டேன், எங்கே என்று தெரியவில்லை’ என்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இருவரும் ஒரே மதிப்பெண். உள்ளே இரண்டு வேறு வாசல்கள்.

அந்த வாசல்களுக்கு உள்ளே மூளை என்ன செய்கிறது? ஒரு சின்ன விளையாட்டு. ‘சிவப்பு’ என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதி, என்ன நிற மை என்று கேட்டால் நாக்கு ஒரு கணம் தடுமாறும். எழுத்தறிந்த எவருக்கும் படிக்காமல் இருக்க முடியாது. படித்தது பார்த்ததோடு மோதுகிறது. உளவியலில் மிக உறுதியாக நிலைநாட்டப்பட்ட மோதல்களில் இது ஒன்று. அமீர் ராஸ் என்ற ஆய்வாளர் 2002இல் வெளியிட்ட சோதனையில், எளிதில் வசப்படுகிறவர்களிடம் ‘திரையில் வருவது உனக்குத் தெரியாத மொழியின் எழுத்துகள்’ என்று கருத்தேற்றினார். அவர்களுக்கு அந்தத் தடுமாற்றம் மறைந்துபோனது. வாழ்நாள் முழுக்கப் படித்துப் பழகிய கண், படிப்பதை நிறுத்திவைத்தது. வசப்படாதவர்களிடம் அதே வார்த்தைகளைச் சொன்னபோது தடுமாற்றம் அப்படியே இருந்தது.

வலியிலும் இப்படி ஓர் அதிசயம் உண்டு. பியர் ரேன்வில் குழுவினர் 1997இல், கையை 47 டிகிரி சூட்டு நீரில் வைத்தவர்களின் மூளையைப் படமெடுத்தார்கள்; வேலூர் கத்திரி வெயிலையும் தாண்டிய சூடு அது. வலியின் வேதனை குறைகிறது என்று கருத்தேற்றியபோது, வலியைத் துன்பமாக உணரும் நடுப்பகுதியின் செயல்பாடு மாறியது. சூடு எங்கே, எவ்வளவு என்று பதிவுசெய்யும் பகுதி மாறவில்லை. சுடுவது சுட்டுக்கொண்டே இருந்தது, அது வாட்டவில்லை. ஹூக்ளியில் படுத்திருந்தவர்களின் அமைதிக்கும் இதில் ஒரு துப்பு இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆளுமைப் படிவங்கள் பிடிக்காததை மூளைப் படம் கொஞ்சம் பிடித்தது. ஸ்டான்ஃபோர்டில் டேவிட் ஸ்பீகல், மூன்று வகை மனிதர்களைச் சொன்ன ஹெர்பர்ட்டின் மகன், தன் குழுவோடு 545 பேரைச் சோதித்து, இரு கோடிகளில் இருந்த 57 பேரை மட்டும் தேர்ந்தார். 36 பேர் மிக எளிதில் வசப்படுகிறவர்கள், 21 பேர் அசையாதவர்கள். 2017இல் வெளியான முடிவில், வசப்படுகிறவர்கள் ஹிப்னாடிசத்துக்குள் போகும்போது, எது முக்கியம் என்று சதா கவலைப்படும் மூளைப்பகுதி அடங்கியது. திட்டமிடும் நெற்றிப்பகுதிக்கும் உடலின் உள்நிலையை உணரும் பகுதிக்கும் பிணைப்பு கூடியது. அதே நெற்றிப்பகுதிக்கும், ‘நான், என்னைப் பற்றி’ என்று அசைபோடும் வலைப்பின்னலுக்கும் பிணைப்பு குறைந்தது. ‘நான் இறக்கவில்லை, கை தானாக இறங்கியது’ என்ற பேச்சின் பின்னால் இருப்பது இந்தப் பிரிவாக இருக்கலாம் என்பது அவர்கள் விளக்கம். வசப்படாதவர்களிடம் இந்த மாற்றங்கள் தோன்றவில்லை. அவர்கள் பிடிவாதமாக மறுத்தவர்கள் இல்லை. மனதார முயன்றும் அந்த வழி அவர்களுக்குத் திறக்கவில்லை.

இந்தத் திறன் வயதோடு எப்படி நகர்கிறது என்பதும் வியப்பு. எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்குள் உச்சத்தில் இருக்கிறது. பிறகு மெல்ல இறங்கி நிலைக்கிறது. நிலைத்த பின் அசையவே மாட்டேன் என்கிறது. ஸ்டான்ஃபோர்டில் மாணவர்களாக இருந்தபோது சோதிக்கப்பட்ட 50 பேரை 25 ஆண்டு கழித்துத் தேடிப் பிடித்து மறுபடி சோதித்தார்கள். 1989இல் வெளியான அந்த ஆய்வில் பழைய மதிப்பெண்ணுக்கும் புதியதற்கும் ஒட்டுறவு 0.71. நடுவில் கல்யாணம், குழந்தை, வேலை, நரை எல்லாம் வந்துவிட்டன. வசப்படுதிறன் மட்டும் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களின் மதிப்பெண்கள் மற்ற இரட்டையர்களுடையதைவிட நெருக்கமாக இருப்பதும், இதில் பரம்பரைக்குப் பங்கு உண்டு என்று காட்டுகிறது.

நிலையான குணம் என்பது நோயாளிகளுக்கு நல்ல செய்தி இல்லை. தீராத வலிக்கும், எரிச்சல் கொண்ட குடல் நோய்க்கும், பல் மருத்துவரின் நாற்காலிப் பயத்துக்கும், பயிற்சி பெற்ற மருத்துவர்கள் ஹிப்னாடிசத்தைத் துணையாகப் பயன்படுத்துகிறார்கள். நன்றாக வசப்படுகிறவருக்கு வலி குறைவதும் கூடுதல். பிறவியில் குறைவாகக் கிடைத்தவர் என்ன செய்வது?

ஸ்டான்ஃபோர்டு குழு 2024இல் இதற்கு ஒரு முயற்சியை வெளியிட்டது. உடல் முழுவதும் நாள்பட்ட வலி வாட்டும் ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகள் 80 பேர். எளிதில் வசப்படுகிறவர்களை முன்பே விலக்கிவிட்டார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு, இடது நெற்றிப்பகுதியில், முன்பு படத்தில் கண்ட அதே பிணைப்புக்குரிய புள்ளியை ஒவ்வொருவரின் மூளையிலும் தனித்தனியாகக் கண்டுபிடித்து, மண்டைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்புகளைச் செலுத்தினார்கள். மொத்தம் 92 நொடி. கிரிவலப் பாதைக் கடையில் வாங்கிய சூடான டீயை ஆற்றிக் குடிக்கவே அதைவிட நேரமாகும். மீதிப் பாதிப் பேருக்குத் துடிப்பு போவதுபோல் பாவனை மட்டும். உண்மையான துடிப்பு பெற்றவர்களின் வசப்படுதிறன், 25 ஆண்டு வாழ்க்கை அசைக்காத அந்த எண், சிறிதளவு ஆனால் அளக்கும்படியாக உயர்ந்தது. ஒரு மணி நேரம் கழித்துச் சோதித்தபோது பழைய இடத்துக்கே இறங்கியிருந்தது.

அந்தக் குறுகிய ஏற்றமே ஒரு சிகிச்சை அமர்வுக்குப் போதுமானதாக இருக்கலாம். துடிப்பின் அளவைக் கூட்டினால் ஏற்றமும் கூடுமா என்பதை அந்தக் குழு அடுத்துச் சோதிக்க விரும்புகிறது.